ஏலத்துக்கு வந்த போலீஸ் கார்: வாங்கும் முன் பார்க்க வேண்டிய மணிக்கணக்கும் துளைக்கணக்கும்

அமெரிக்காவில் நகரக் காவல் துறைகளும் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) ஷெரிஃப் அலுவலகங்களும் தங்கள் ரோந்துக் கார்களைச் சில ஆண்டுகள் ஓட்டியபின் ஏலத்தில் விற்றுவிடுவது வழக்கம். நம் ஊரில் ஆயுதப்படை மைதானத்தில் ‘கண்டம்’ செய்யப்பட்ட ஜீப்புகளை வரிசையாக நிறுத்தி ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் நம் ஊர் ஏலத்துக்கு வருவது பெரும்பாலும் ஓடி ஓய்ந்த வண்டி. அமெரிக்க ஏலத்திலோ, ஒரு லட்சம் மைலை இப்போதுதான் நெருங்கிய, பெயிண்ட் மங்காத, வி-8 இன்ஜின் கொண்ட பெரிய கார், அதே வயதுடைய சாதாரணக் காரைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்துவிடுகிறது. அங்கே புதிதாக வேலைக்கு வந்து, கடன் வரலாறு இல்லாமல், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு கார் தேடுகிறவருக்கு அந்த விலை பெரிய ஈர்ப்பு.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் ஓடோமீட்டரைப் பார்த்து வாங்கக் கூடாது. போலீஸ் காரின் உண்மையான வயது இன்ஜின் ஓடிய மணிக்கணக்கில் இருக்கிறது. அதன் உண்மையான சேதம், கருவிகளைக் கழற்றிய பின் விட்டுச்சென்ற துளைகளிலும் வெட்டிய வயர்களிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் படிக்கத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எந்தப் பழைய காருக்கும் உரிய சோதனைகள்தாம்.

ஆலையில் செய்த மாற்றங்கள்

போலீஸ் காரில் உள்ள மாற்றங்கள் இரண்டு வெவ்வேறு இடங்களில் நடப்பவை. முதல் வகை, கார் தயாராகும் ஆலையிலேயே செய்யப்படுவது. ஃபோர்டு கிரவுன் விக்டோரியாவின் போலீஸ் வடிவத்துக்குப் பி71 என்று குறியீடு. வாகன அடையாள எண்ணின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் இடங்களைப் பார்த்தால் அது இருக்கும். கடைசி மாடல்களில் அது பி7பி என்று மாறியது. செவ்ரோலேயின் பழைய கப்ரீஸ், இம்பாலா போலீஸ் கார்களுக்கு 9சி1 என்பது குறியீடு. வெறும் கருப்பு வெள்ளைப் பெயிண்டையும் பக்கத்தில் பொருத்திய ஸ்பாட்லைட்டையும் காட்டிப் ‘போலீஸ் கார்’ என்று விற்க முயல்கிறவர்கள் உண்டு என்பதால், முதலில் இந்தக் குறியீட்டைச் சரிபார்ப்பது நல்லது.

ஆலையில் செய்யும் மாற்றங்கள் பெரும்பாலும் அடுத்த உரிமையாளருக்கு லாபம். வெயிலில் மணிக்கணக்காக ஏசியோடு நின்று, அடுத்த நொடி முழு வேகத்தில் பாய வேண்டிய வண்டி என்பதால், இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஆகியவற்றைக் குளிர்விக்கக் கூடுதல் கூலர்கள் இருக்கும். ரேடியோ, விளக்கு, கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர 200 ஆம்பியர் அளவுக்கு ஆல்டர்னேட்டர் பொருத்துவார்கள். ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் கடினமானவை, பிரேக் பெரியது, சக்கரங்கள் நடைபாதை விளிம்பில் ஏறி இறங்கினாலும் தாங்கும் எஃகுச் சக்கரங்கள். வேகத்தை அளந்து வழக்குப் போட வேண்டியிருப்பதால் ஸ்பீடோமீட்டரும் துல்லியம் சோதிக்கப்பட்டது. ஃபோர்டின் போலீஸ் கார்களைப் பின்னாலிருந்து மணிக்கு 75 மைல் வேகத்தில் மோதவிட்டும் சோதித்தார்கள். சாலையோரம் நிறுத்திய ரோந்துக் காரின் மீது பின்னால் வருபவர் மோதுவதுதான் காவலர்களுக்கு நேரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று என்பதே காரணம்.

ஒரு மாயையையும் இங்கே கலைத்துவிட வேண்டும். போலீஸ் காருக்குள் பொதுமக்களுக்குக் கிடைக்காத ரகசிய இன்ஜின் இருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். கிரவுன் விக்டோரியாவில் இருந்தது டாக்சிக்காரர்களுக்கும் கிடைத்த 4.6 லிட்டர் வி-8 இன்ஜினின் சற்றே வலுக்கூட்டிய வடிவம். டாட்ஜ் சார்ஜரில் உள்ள 5.7 லிட்டர் ‘ஹெமி’ வி-8 இன்ஜின் எந்த ஷோரூமிலும் வாங்கக்கூடியதாகவே இருந்தது. விதிவிலக்கு என்று சொன்னால் 2011 முதல் 2017 வரை ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் ஆலையில் தயாராகி, அமெரிக்காவில் காவல் துறைகளுக்கு மட்டுமே விற்கப்பட்ட செவ்ரோலே கப்ரீஸ். அந்தக் காரைப் பொதுமக்கள் புதிதாக வாங்கவே முடியாது. கார்ப் பித்து உள்ளவர்கள் அதைத் தேடிப்போவதில் நியாயம் இருக்கிறது. அன்றாடம் அலுவலகம் போய்வர நினைப்பவர் அதற்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆலைக்கு வெளியே செய்த மாற்றங்கள்

இரண்டாம் வகை மாற்றங்கள், கார் ஆலையை விட்டு வந்தபின், காவல் துறையின் சொந்தப் பணிமனையிலோ ஒப்பந்தக்காரரின் பட்டறையிலோ நடப்பவை. கூரையில் விளக்குப் பட்டை, முன்னால் இரும்புத் தள்ளு பம்பர், கிரில்லுக்குப் பின்னால் சைரன் ஒலிபெருக்கி, முன் இருக்கைகளுக்கு நடுவே ரேடியோவையும் மடிக்கணினியையும் தாங்கும் கன்சோல், முன்னுக்கும் பின்னுக்கும் இடையே கூண்டுத் தடுப்பு, துப்பாக்கி மாட்டும் தாங்கி, டிக்கியில் மின் பகிர்வுப் பெட்டி என்று பட்டியல் நீளும். ஏலத்துக்கு வரும்போது இவற்றில் பெரும்பாலானவை கழற்றப்பட்டிருக்கும். கழற்றும் ஆளுக்குக் கருவி முக்கியமே தவிர, கார் முக்கியமல்ல. அடுத்த காரில் மாட்டுவதற்காகக் கருவியைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு, வயரை எந்த இடத்தில் வசதியோ அந்த இடத்தில் வெட்டிவிட்டுப் போவார். சுத்தமாகக் கழற்றிய கார்களும் உண்டு. ஆனால் அப்படி இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது.

ஆகவே சோதனையைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். ஆண்டெனாக்களுக்கும் விளக்குப் பட்டையின் வயருக்கும் துளைத்த இடங்களை ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். அந்த மூடி வெயிலில் காய்ந்து வெடித்தால் மழைத் தண்ணீர் உட்கூரைத் துணிக்குள் இறங்கும். துணியில் காப்பிக் கறைபோல வட்டம் இருக்கிறதா, கம்பளத்தைத் தூக்கினால் ஈர வாசனை வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடித் தூணின் வழியாகத் துளைத்துப் பொருத்திய ஸ்பாட்லைட் அப்படியே இருந்தால் அதைக் கழற்றச் சொல்லிப் பேரம் பேச வேண்டாம். அது இருக்கும்வரை துளை அடைபட்டிருக்கிறது.

துளையை அலட்சியமாக நினைக்கக் கூடாது என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரமே சான்று. 2017ஆம் ஆண்டு ஜூலையில் அந்நகரக் காவல் துறை, ஃபோர்டு எக்ஸ்புளோரரின் போலீஸ் வடிவத்தில் ஏறத்தாழ 400 வண்டிகளைப் பணியிலிருந்து விலக்கி நிறுத்தியது. ஓட்டிக்கொண்டிருந்த காவலர்கள் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைச் சுவாசித்து உடல்நலம் பாதிக்கப்பட்டதே காரணம். கருவிகள் பொருத்துவதற்காகப் பின்பகுதியில் போட்ட துளைகளைச் சரியாக அடைக்காததால் புகை உள்ளே வந்த வண்டிகள் இருப்பதாகக் கூறிய ஃபோர்டு, போலீஸ் வண்டிகளைத் தன் செலவில் சரிசெய்து தருவதாக அறிவித்தது. எனவே 2013 முதல் 2017 வரையிலான போலீஸ் எக்ஸ்புளோரரைப் பார்க்கப் போகிறவர், டிக்கித் தரையையும் பின் பம்பருக்கு உட்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பதும், அந்தப் பழுதுநீக்கம் நடந்ததா என்று அடையாள எண்ணைக் கொடுத்து விற்பனையகத்தில் விசாரிப்பதும் கட்டாயம். வாங்கியபின் கார்பன் மோனாக்சைடு காட்டியொன்றை வண்டிக்குள் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அடுத்து வயர். டாஷ்போர்டின் அடியிலும் கன்சோல் இருந்த இடத்திலும் டிக்கியிலும் டேப் சுற்றிய வெட்டுமுனைகள் தொங்கும். அவற்றில் ஒன்றில் மின்சாரம் உயிரோடு இருந்தாலே போதும், இரண்டு நாள் நிறுத்தி வைத்த காரின் பேட்டரி இறங்கிவிடும். பாடியில் உரசினால் பியூஸ் போகும், பியூஸைத் தாண்டி இழுத்த வயராக இருந்தால் தீப்பிடிக்கும். சாவியை எடுத்த பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கச் செய்யும் பூட்டுக் கருவி, கதவைத் திறந்தாலும் உள்விளக்கு எரியாமல் தடுக்கும் இணைப்பு போன்றவையும் ஒளிந்திருக்கும். ‘கதவைத் திறந்தால் விளக்கு எரியவில்லை, பல்பு போயிருக்கும்’ என்று நினைத்துப் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பற்றி மெக்கானிக்குகள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இருட்டில் காவலர் இறங்குவது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே அது அணைத்து வைக்கப்பட்டது.

பின்னிருக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைதியை ஏற்றிச் செல்வதற்காகப் பின்கதவுகளின் உள்கைப்பிடியையும் கண்ணாடிச் சுவிட்சையும் செயலிழக்கச் செய்திருப்பார்கள். குடும்பக் காராகப் பயன்படுத்த நினைப்பவர், குழந்தையைப் பின்னால் அமர்த்தும் முன், உள்ளிருந்தே இரண்டு கதவுகளும் திறக்கின்றனவா என்று தானே உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். பல கார்களில் கதவுக்குள் கழற்றிய கம்பியையோ கேபிளையோ திரும்ப மாட்டினாலே போதும். பஞ்சு இருக்கைக்குப் பதிலாக வார்த்த பிளாஸ்டிக் இருக்கை இருந்தால், அதோடு சீட் பெல்ட்டும் மாற்றி அமைக்கப்பட்டிருக்கும். குழந்தை இருக்கையை அதில் நம்பிப் பொருத்த முடியாது, பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்து முழு இருக்கையையும் பெல்ட்டையும் சேர்த்தே வாங்கி மாற்ற வேண்டும். கூண்டுத் தடுப்பும் கணினித் தாங்கியும் இருந்த இடங்களில் பக்கவாட்டு ஏர்பேக்குகளின் வயர்கள் சேதமாகியிருக்கலாம் என்பதால், சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லை என்றால் அது எரிந்துகொண்டே இருப்பதைவிட மோசம்; பல்பை யாரோ எடுத்திருக்கலாம்.

மோப்ப நாய்ப் பிரிவில் ஓடிய காரை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏசிக் குழாய்கள்வரை முடி புகுந்திருக்கும். வாசனை கோடையில் திரும்பத் திரும்ப வரும்.

மணிக்கணக்கு

ரோந்துக் கார் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். நிற்கும்போதும் இன்ஜின் அணைவதில்லை. ரேடியோவும் கணினியும் இயங்க வேண்டும், காவலர் ஏசியில் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும், அழைப்பு வந்தால் அந்தக் கணமே கிளம்ப வேண்டும். இப்படி நின்ற இடத்தில் ஓடும்போது ஓடோமீட்டரில் ஒரு மைல்கூட ஏறாது. ஆனால் ஆயில் அழுத்தம் குறைவாகவும், காற்றோட்டம் இல்லாமல் வெப்பம் அதிகமாகவும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்தும் இன்ஜின் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேர ஐட்லிங் (நின்ற இடத்தில் இன்ஜின் ஓடுவது) ஏறத்தாழ 33 மைல் ஓட்டத்துக்குச் சமம் என்பது ஃபோர்டு தரும் கணக்கு. 25 மைல் என்று எடுத்துக்கொள்வோரும் உண்டு.

ஒரே விலைக்கு இரண்டு கார்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஓடோமீட்டர் 95,000 மைல் காட்டுகிறது. முதல் காரில் இன்ஜின் ஓடியது 7,000 மணி நேரம், அதில் ஐட்லிங் மட்டும் 4,000. நாலாயிரத்தை 33ஆல் பெருக்கினால் 1,32,000. ஓடிய தூரத்தோடு கூட்டினால் இன்ஜினின் வயது 2,27,000 மைல். இரண்டாவது காரில் மொத்தம் 2,900 மணி நேரம், ஐட்லிங் 700. அதன் கணக்கு 1,18,100 மைலில் நிற்கிறது. முதலாவது நகரத் தெருவில் நின்று காய்ந்தது. இரண்டாவது நெடுஞ்சாலைக் காவலில் ஓடியது. ஐட்லிங் தனியாகத் தெரியாத காரில், மைலை மொத்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் காருக்கு 14க்கும் குறைவாகவும் இரண்டாவதற்கு 33ஐ ஒட்டியும் வரும். என் அளவில் 15க்குக் கீழே வந்தால் விலையைப் பாதியாகக் கேட்பேன் அல்லது விலகிவிடுவேன். 25க்கு மேல் வந்தால் மேலும் பார்ப்பேன்.

கிரவுன் விக்டோரியாவில் 2006 மாடல் முதல் மணிக்கணக்கை டாஷ்போர்டிலேயே பார்க்கலாம். போலீஸ் எக்ஸ்புளோரரில் மொத்த மணியும் ஐட்லிங் மணியும் தனித்தனியாகத் தெரியும். அதற்கு முந்தைய கார்களில் வேறு வழி ஒன்று உண்டு, அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை: நகராட்சி வாகனத்தின் பழுதுபார்ப்புப் பதிவேடு பொது ஆவணம். அந்தந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி வாகன எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்தால், எப்போது ஆயில் மாற்றினார்கள், எத்தனை முறை கியர்பாக்ஸ் கழற்றினார்கள், விபத்து நடந்ததா என்பதெல்லாம் வரிசையாகக் கிடைக்கும். எந்தத் தனியார் விற்பனையாளரிடமும் இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை எதிர்பார்க்க முடியாது. போலீஸ் கார் வாங்குவதற்கு நான் காணும் வலுவான காரணமே இதுதான்.

காரை யார் ஓட்டினார்கள் என்பதும் பெரிய வித்தியாசம். மூன்று ஷிப்டிலும் கைமாறி இன்ஜின் ஆறாமல் ஓடிய காரைவிட, ஒரே காவலர் வீட்டுக்கு எடுத்துச் சென்று பராமரித்த கார் மேல். அதைவிடத் துப்பறிவாளரோ நிர்வாக அதிகாரியோ ஓட்டிய, வெளியே போலீஸ் அடையாளம் இல்லாத கார் மேல். அத்தகைய காரில் கூண்டு இருந்திருக்காது, துளைகளும் குறைவு.

மாடல் வாரியாகச் சில சொற்கள்

கிரவுன் விக்டோரியா கனடாவின் செயின்ட் தாமஸ் ஆலையில் 2011 செப்டம்பரில் நின்றுபோனது. சேஸிஸ் மீது பாடி வைத்த பழைய கட்டுமானம், எளிய இன்ஜின், மலிவான உதிரிபாகம். நகரத்துக்குள் கேலனுக்கு 15 மைல் அளவே தரும் என்பதுதான் குறை. 1990களின் பிற்பகுதி முதல் 2001 வரையிலான இன்ஜின்களில் பிளாஸ்டிக் இன்டேக் மேனிபோல்டு (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த்தொகுதி) குளிர்நீர் செல்லும் இடத்தில் வெடிக்கும். அலுமினியப் பகுதி கொண்டதாக மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க் பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருந்ததால் பின்மோதலில் தீப்பிடித்த விபத்துகள் நடந்து, பாதுகாப்புத் தகடுகளும், 2005 முதல் விருப்பத்தின் பேரில் தீயணைப்பு அமைப்பும் வந்தன. தகடுகள் இருக்கின்றனவா என்று லிப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பனிக்கு உப்புத் தூவும் மாநிலங்களில் 2005 முதல் 2011 வரையிலான கார்களின் ஸ்டீயரிங் தண்டு துருப்பிடிப்பதற்காக 2013இல் ரீகால் (தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) அறிவிக்கப்பட்டது.

சார்ஜரின் ஹெமி இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் லிஃப்டரும் கேம்ஷாஃப்டும் தேய்வது தெரிந்த நோய். நீண்ட ஐட்லிங்கோடு அதை மெக்கானிக்குகள் தொடர்புபடுத்துகிறார்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும் சூடான பிறகும் ‘டிக் டிக்’ என்ற தட்டுச் சத்தம் நிற்காவிட்டால் வேண்டாம். 2006 முதல் 2010 வரையிலான சார்ஜர்களில் டகாட்டா நிறுவனத்தின் பழுதுள்ள ஏர்பேக் மாற்றப்படாமல் இருந்தால் ஓட்டவே வேண்டாம் என்று தயாரிப்பாளரே 2022 நவம்பரில் எச்சரித்தார், மாற்றுவது இலவசம். எக்ஸ்புளோரரின் 3.5, 3.7 லிட்டர் வி-6 இன்ஜின்களில் தண்ணீர் பம்ப் இன்ஜினுக்குள்ளேயே டைமிங் செயினில் ஓடுகிறது. அது கசிந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து இன்ஜினையே கெடுக்கும். ஆயில் மூடியைத் திறந்து பால் கலந்த காப்பி நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஏலமும் சட்டமும்

நகராட்சிகள் நேரடியாகவும், கவ்டீல்ஸ் போன்ற இணைய ஏலத் தளங்கள் வழியாகவும் விற்கின்றன. எல்லாமே ‘உள்ளது உள்ளபடி’ விற்பனை. உத்தரவாதம் இல்லை, திருப்பித் தர முடியாது. பார்வையிட ஒதுக்கும் நாளில் பல இடங்களில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்க மட்டுமே விடுவார்கள், ஓட்ட விடமாட்டார்கள். அதனால் பிழைகாட்டிக் குறியீடுகளைப் படிக்கும் சிறு ஸ்கேனரும் டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். யாரோ சற்று முன் குறியீடுகளை அழித்திருந்தால் அந்த ஸ்கேனரில் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டும். ஏலத் தொகைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம், வரி, இழுவை வண்டிச் செலவு ஆகியவை சேரும். கையில் இருக்கும் தொகையிலிருந்து இவற்றோடு வயரிங், டயர், பின்னிருக்கை ஆகியவற்றுக்கான தொகையையும் கழித்துவிட்டு மிஞ்சுவதையே உங்கள் உச்ச ஏலமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஏலத்தில் சூடு ஏறினாலும் அதைத் தாண்டக் கூடாது.

புளோரிடா போன்ற மாநிலங்களில் போலீஸ் வண்டியாக ஓடியது என்பதை உரிமைச் சான்றில் குறிக்க வேண்டும். மறுபடி விற்கும்போது அது விலையைக் குறைக்கும். சிவப்பு, நீல விளக்கும் சைரனும் மிச்சம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். கலிபோர்னியாவில் போக்குவரத்துக் காவலரின் வண்டியைப் போல் தோன்றும் பெயிண்டோடு காரை வைத்திருப்பதே குற்றம். நிறம் மாற்றிய பிறகும், கதவில் ஒட்டியிருந்த எழுத்துகளின் நிழல் வெயிலில் தெரியும். பாலிஷ் போட்டால் பெரும்பாலும் போய்விடும். காப்பீட்டு நிறுவனத்திடம் போலீஸ் வண்டி என்பதை முன்கூட்டியே சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

வண்டி கைக்கு வந்த முதல் வாரத்தில் பூட்டுகளை மாற்றிவிடுங்கள். ஒரே காவல் துறையின் கார்கள் அனைத்துக்கும் ஒரே சாவி வெட்டுவது பரவலான வழக்கம் என்பதால், உங்கள் காரைத் திறக்கும் சாவி ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு எல்லா ஆயில்களையும் மாற்றி, ஒரு வயரிங் மெக்கானிக்கிடம் அரை நாள் விட்டு, பேட்டரியிலிருந்து தனியாகப் போகும் ஒவ்வொரு வயரையும் முனைவரை தொடர்ந்து சென்று எடுத்துவிடச் சொல்லுங்கள். நிறுத்தி வைத்த காரின் பேட்டரியிலிருந்து கசியும் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்கிறது என்று மீட்டரில் காட்டும்வரை அந்த வேலை முடியவில்லை.